வெர்னா வாங்கிய குட்டைத் துப்பாக்கி

வெர்னாவைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. ஆர்கன்சாவில் இந்தக் கோழி இறைச்சி ஆலையில் பதினோரு வருஷம் அவள் பக்கத்தில் நின்று எலும்பெடுத்தவள் இந்த டாட்டி. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஐந்தடிகூட இல்லாத உருவம். கத்தியைப் பிடித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு தொடையைப் பிரித்துப் போடுவாள். வீட்டிலோ புருஷன் டெல்மர் அவளைப் பிரித்துக்கொண்டிருந்தான். மூன்று விலா, ஒரு கடைவாய்ப் பல், கடைசியில் வலது காறை எலும்பு. அதற்குப் பிறகுதான் விவாகரத்து வாங்கினாள். அவன் அவள் வாசலை மிதிக்கக் கூடாது என்று நீதிமன்றம் ஒரு தாள் கொடுத்தது. அதைக் கிழித்து அவள் வாசலிலேயே போட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒன்னப் பொதைக்கிறேன்டி" என்று சொல்லிவிட்டுப் போனான், நாசமாய்ப் போகிறவன்.

வெள்ளிக்கிழமை அவள் அண்ணன் ஹார்லன் எங்கள் இருவரையும் நெடுஞ்சாலைத் துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப்போனான். ஆறடிக்காரன். தன் கைக்கு வாட்டமான ஒன்றை எடுத்து நீட்டினான்.

"பன்னெண்டு போர் துப்பாக்கி எடு தங்கச்சி, பெரிய தோட்டா. சுடவே வேணாம். குழலுக்கு அடியில இருக்கற முன்பிடிய இழுத்தாலே சடக்குன்னு ஒரு சத்தம் வரும் பாரு, எப்பேர்ப்பட்டவனும் பேண்ட்ட நனைச்சுக்கிட்டு ஓடுவான்!"

கடைக்காரர் தலையாட்டினார். காபி குடித்துக்கொண்டிருந்த கிழவரும் ஆட்டினார். எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்கு இந்தச் சடக்குதான் வேதம்.

வெர்னா தோளில் வைத்துப் பார்த்தாள். தோளில் முட்டும் மரக்கட்டை நீளம், முன்பிடி கைக்கு எட்டவில்லை. கீழே வைத்துவிட்டு, சட்டைக் காலரை விலக்கிக் கோணலாகக் கூடிய எலும்பைக் காட்டினாள்.

"அந்தச் சத்தத்த அவன் ஏற்கெனவே கேட்டுட்டாண்ணே. அப்பாவோட துப்பாக்கிய எடுத்து நானும் இழுத்தேன். சிரிச்சான். கிட்ட வந்து குழலப் புடிச்சுப் பிடுங்கி, அந்தக் கட்டையாலயே அடிச்சது இது."

ஹார்லன் அந்தத் துப்பாக்கியைக் கடைக்காரர் பக்கம் தள்ளிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் டெல்மர் மட்டும் எதிரே இருந்திருந்தால் கோழியை அறுக்கிற மாதிரி அறுத்திருப்பேன்.

"அப்ப என்னதாம்மா வேணும்?" என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி.

"குட்டையா இருக்கணும். எடது தோள்ல வைக்கணும். சத்தம் காட்டாம தயாரா இருக்கணும்."

பின் அலமாரியிலிருந்து, சின்னத் தோட்டா போடும் இருபது போர் இரட்டைக்குழல் ஒன்று வந்தது; தோட்டா போட்டு வைத்தால் போதும், இழுக்க முன்பிடி கிடையாது. யாருக்காகவோ கட்டையை அறுத்துச் சின்னதாக்கியிருந்தார்கள். வெர்னா கண்ணை மூடி இடது தோளில் பொருத்தினாள், கண்ணைத் திறந்தாள். குறி நேராக நின்றது.

"அது அணில் சுடுறதும்மா" என்று சிரித்தார் கிழவர்.

"அவன் அணிலவிடப் பெருசுதான், தப்பாது."

ஞாயிற்றுக்கிழமை காலை. இரவு வேலை முடிந்து அவள் வீட்டுக்கே துணைக்குப் போயிருந்தேன். அவள் கடைசி அறையில் படுத்திருந்தாள். நான் பிஸ்கட் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தேன். படாரென்று கதவு பெயர்ந்து விழுந்தது. திரும்புவதற்குள் டயர் கழற்றும் இரும்பு என் வாயில் இறங்கியது. இரண்டு பல் தெறித்தது. தரையில் கிடந்தபடி, ரத்தத்தை விழுங்கிக்கொண்டு, அவன் நடைவழியில் போவதைப் பார்த்தேன்.

"எங்கடி இருக்க? ஒன் அண்ணன் துப்பாக்கி வாங்கிக் குடுத்தானாமே! அந்தச் சடக்குச் சத்தத்தப் போடுடி, கேப்போம்!"

ஒரு சத்தமும் இல்லை. சிரித்தான். குழலைப் பிடுங்கப் பழகிய கையை முன்னால் நீட்டிக்கொண்டே கதவை உதைத்தான்.

அவள் அவன் கைக்கு எட்டாமல் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றாள். முதல் வெடி வயிற்றில் பாய்ந்தது. மண்டியிட்டவன், கத்திக்கொண்டே இரும்பை ஓங்கி மறுபடி எழுந்தான். இரண்டாவது மார்பில் பட்டது. நடைவழிச் சுவரெல்லாம் அவன்தான். போலீஸ் வரும்வரை, வேறு இரண்டு தோட்டா போட்டு, அவனையே குறி பார்த்தபடி நின்றாள்.

தற்காப்பு என்று சொல்லி அவள்மேல் வழக்கு எதுவும் போடவில்லை. ஆஸ்பத்திரியில் என் உதட்டைத் தைத்து முடித்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சட்டையை விலக்கி இடது தோளைக் காட்டினாள். துப்பாக்கி உதைத்த இடம் நாவல் பழமாகக் கன்றியிருந்தது.

"ஒடம்பு பூரா அவன் குடுத்தது டாட்டி. இது ஒண்ணுதான் நானா வாங்கிக்கிட்டது" என்றாள்.

அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.