மழை நாளில் முதலில் வந்தவன்

விகிருதி வருஷம் ஐப்பசி மாதம் பத்தொன்பதாம் தேதி விடியற்காலையில் ஆரணியில் ஓட்டுக்கூரைகளின் மேல் மழை சடசடவென்று பெய்துகொண்டிருந்தது. என் தகப்பனார் அன்று கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டதைப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தபடியால் தேதியில் எனக்குச் சந்தேகமில்லை. பல் துலக்கி, பழையது சாப்பிட்டு, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, வெளிச்சம் வருவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவது என் வழக்கம்; அன்று மட்டும் வண்டியில் மூட்டை ஏற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு சற்று நின்றுவிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் பள்ளிக்கூடம் நீளமான ஒரே கூடம். பத்தொன்பது பிள்ளைகள், ஒரே வாத்தியார். கிழக்கோரத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகும் சிறுவர்களின் ‘மணல் வரிசை’, நடுவில் ‘பலகை வரிசை’, மேற்கே ‘ஏட்டு வரிசை’. ஒருபுறம் அரிச்சுவடியும் ஒருபுறம் வாய்ப்பாடும் ஒருபுறம் பாட்டுமாக எல்லாம் ஒரே சமயத்தில் முழங்கும். ஒருவரால் மூன்று வரிசையையும் பார்க்க முடியாதாகையால், பெரிய வரிசைப் பிள்ளைகள் சிறிய வரிசைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். மணல் வரிசை என் பொறுப்பில் இருந்தது. காலையில் யார் முன்னே வந்தான், யார் பின்னே வந்தான் என்பதை வாத்தியாரிடம் ஒப்பிப்பதும் என் வேலைதான்.

அந்த ஒப்பித்தலுக்குக் காரணம் உண்டு. முதலில் வந்தவனுடைய உள்ளங்கையில் வாத்தியார் விரலால் ‘ஸ்ரீ’ என்று எழுதுவார். இரண்டாமவன் கையைப் பிரம்பால் தொட்டு விட்டுவிடுவார். மூன்றாமவனுக்கு ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு என்று கடைசிப் பிள்ளை வரைக்கும் அடி ஏறிக்கொண்டே போகும். அந்த மழை நாளுக்கு முன் நாற்பத்தொரு நாள் விடாமல் நான்தான் ‘ஸ்ரீ’ வாங்கியிருந்தேன்.

கடைசியாக வருகிறவன் எப்போதும் மணல் வரிசை ஏழுமலை. ஆறு வயது. அவன் தகப்பனார் விடிந்ததும் தெருவில் ‘பாவு’ விரிப்பார்; தறியில் ஏற்ற வேண்டிய பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து சீராக்குகிற வேலை அது. ஒரு முனையில் கோலைப் பிடித்துக்கொண்டு ஏழுமலை நிற்க வேண்டும். பாவைச் சுருட்டிய பிறகு அவன் எவ்வளவு ஓடி வந்தாலும் பத்தொன்பதாமவன்தான். தினமும் பதினேழு அடி. “பாவு போட்டுட்டு நடுவுல வுட்டுட்டு வர முடியுமா? வாத்தியாருக்குத் தெரியாதா இன்னா?” என்பார் அவன் தாயார். வாத்தியாருக்குத் தெரியும். ஆனாலும் முறை முறைதான்.

மழை பெய்தால் பாவு விரிக்க முடியாது. இது எனக்குத் தோன்றவில்லை, ஏழுமலைக்குத் தோன்றியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தின் கதவருகில் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு அவன் நின்றிருந்தான்.

“அண்ணா, நாந்தான் மொதல்ல! இன்னிக்கு பாவு இல்லண்ணா!” என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

உள்ளே ஒழுக்கு விழுந்து மணலில் ஓர் ஓரம் மட்டும் ஈரமாகியிருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்தே கிடந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்: “மணலு பூரா நனைஞ்சிபோச்சுடா. தேர்க்கொட்டாயில காஞ்ச மணலு கீது. ஜல்தியா போயி அள்ளிகினு வா.” அவன் துண்டை உதறிக்கொண்டு மழையில் ஓடினான்.

அவன் மணல் மூட்டையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் பதினான்கு பேர் வந்துவிட்டார்கள். வாத்தியார் என் கையில் ‘ஸ்ரீ’ எழுதி முடித்திருந்தார்.

“ஐயா, நாந்தாங்க மொதல்ல வந்தேன்,” என்றான் ஏழுமலை.

ஏட்டு வரிசையில் ஒருவன், “நேத்து வரைக்கும் கடைசி, இன்னிக்கு மொதல்லயா? ராவெல்லாம் இங்கியே படுத்துகினு இருந்தியாடா?” என்றான். எல்லா வரிசையும் சிரித்தது.

வாத்தியார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “இவன் சொல்றது நெசமாடா?” என்று கேட்டார்.

“இல்லீங்க,” என்றேன்.

பதினைந்தாமவனுக்குப் பதின்மூன்று அடி. ஏழுமலை அழவில்லை, ஒவ்வோர் அடிக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நான் அவன் அள்ளிவந்த மணலைப் பரப்பி, வழக்கப்படி அவன் விரலைப் பிடித்து அன்றைய எழுத்தை எழுதவைக்க உட்கார்ந்தேன். அவன் கை வீங்கிச் சூடாக இருந்தது. “மெல்லமா புடிண்ணா,” என்றான். விரலால் எழுதிய ‘ஸ்ரீ’ என் உள்ளங்கையில் எந்தத் தடமும் இல்லாமல் இருந்தது.

பதினாறாம் வயதிலிருந்து நான் தவறாமல் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். ஏழு வருஷத்துக்கு முந்திய இந்த நாளைத்தான் அதன் முதல் பக்கத்தில் எழுதினேன். இப்போது அந்தக் கூடம் இல்லை; வகுப்புக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு வாத்தியார், எல்லாருக்கும் ஒரே மணி. மணலும் இல்லை, ‘ஸ்ரீ’யும் இல்லை. போனதற்கு நான் வருந்தவில்லை. ஏழுமலை பெரிய நெசவாளியாகி, எதிரே வந்தால் இன்றும் “அண்ணா” என்றுதான் கூப்பிடுகிறான். அவனுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அந்த மழை நாள் சாயங்காலமே ஒரு யோசனை செய்திருந்தேன்: நாளைக்கு நான் பிந்திப் போவது, அவனை முதலாவதாக வரவிடுவது. ஆனால் இரவிலேயே மழை விட்டுவிட்டது. மறுநாள் காலை தெருமுனையில் ஒதுங்கி நின்ற நான், தெரு நீளத்துக்கும் பாவு விரிந்திருப்பதையும், அதன் கோடியில் வீங்கிய கையால் ஏழுமலை கோலைப் பிடித்திருப்பதையும் பார்த்தேன். பதினெட்டாமவனாகப் பள்ளிக்குள் நுழைந்தேன். வாத்தியார், “ஒரு நாளைக்குத்தானே, போவுது போ,” என்று பிரம்பால் என் கையைத் தொட்டு விட்டுவிட்டார். நான் என் இடத்துக்குப் போவதற்குள் ஏழுமலை ஓடி வந்தான். வாசற்படியிலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தான்.