பட்டாளத்துக்காரர் குதிரை பார்த்த வாரம்

என் கணவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வீடு வந்த மறுநாள், எங்கள் தோப்புக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி என்னைப் பார்த்து, "இனி ஒங்களுக்கு என்ன கவலை, குதிரையப் பாக்க மிலிட்டரிக்காரரே வந்துட்டாருல்லா" என்றார். பக்கத்தில் நின்ற என் கணவர் அதை மறுக்கவில்லை. மீசையை லேசாகத் தடவிக்கொண்டார்.

இத்தனை வருஷம் அவர் பட்டாளத்தில் பார்த்ததெல்லாம் லாரி என்ஜின் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வண்டி பழுது பார்க்கிற பிரிவு அவருடையது. குதிரை என்ற ஒன்றை அவர் தொட்டதே இல்லை. லீவில் வரும்போதெல்லாம் தோப்பு வேலிக்கு வெளியே நின்று, புது மாடல் கார் பார்ப்பவரைப் போல, "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.

குதிரைகள் என் பைத்தியம். தென்காசியில் எனக்கு டைல்ஸ் கடை. மகள் சென்னைக்குப் படிக்கப் போன பிறகு, சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் டிவியும் நானும்தான். அப்போது ஐந்தருவிப் பக்கம் சீசனில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற ஒருவர், தொழிலை விடப்போவதாகச் சொன்னார். அவரிடமிருந்து ஒரு செவலைப் பெண்குதிரையை வாங்கினேன். ஏறி உட்காரவும் அவரே கற்றுக்கொடுத்தார். பிறகு ஒரு கறுப்புக் குதிரை வந்தது. அதற்குத் துணையாக, குணம் கெட்ட ஒரு மட்டக்குதிரையும் வந்து சேர்ந்தது. குற்றாலம் சாலையை ஒட்டிய எங்கள் தென்னந்தோப்பில் மூன்றுக்கும் கொட்டகை போட்டேன். டைல்ஸ் அக்கா சுடிதார் போட்டுக் குதிரையில் போகிறாள் என்று ஊர் கொஞ்ச நாள் பேசியது. பிறகு அதற்கும் அலுத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை என்னோடு அவரும் தோப்புக்கு வந்தார். பூட்ஸ், இடுப்பில் செருகிய டீ சர்ட், தலையில் தொப்பி. நான் சாணம் அள்ளிக்கொண்டிருந்தபோது மூன்று குதிரைகளையும் சுற்றி வந்து பார்வையிட்டார். செவலையின் குளம்பை, டயரில் காற்றுப் பார்ப்பதுபோல விரலால் தட்டினார். இதற்கெல்லாம் சர்வீஸ் எப்போது என்று கேட்டார். ஒன்றரை மாதத்துக்கு ஒருதரம் லாடம் மாற்ற ஆள் வருவார், அடுத்து இந்தச் சனிக்கிழமை என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே மட்டக்குதிரை பின்னால் வந்து தொப்பியைக் கவ்விக்கொண்டு நிதானமாக நடந்துபோனது. இவர் ஓடவில்லை. ஓடுவது மரியாதைக் குறைவு என்று நினைத்திருக்க வேண்டும். தொப்பி சாயங்காலம் கிடைத்தது, முன்பக்க விளிம்பு இல்லாமல்.

செவ்வாய்க்கிழமை செவலையைக் கழுவுகிறேன் என்று ஹோஸ் பைப்பை முழுவேகத்தில் திறந்தார். லாரி கழுவிய கை. அவளுக்கு அது பிடிக்கவில்லை. கட்டியிருந்த கயிற்றை உருவிக்கொண்டு கிளம்பினாள். கயிற்றின் இந்த முனையில் இவரும் பின்னாலேயே தோப்பைப் பாதி சுற்றி வந்தார். வந்து நின்றதும் மூச்சு வாங்க, "பிரேக் பிடிக்க மாட்டேங்கே" என்றார். நான் புல்கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். அவரும் பார்த்துவிட்டார்.

அதன் பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். புதன்கிழமை கொள்ளு ஊறவைக்கவும் தவிடு கலக்கவும் கற்றுக்கொண்டார். சாரல் நாட்களில் குளம்பிடுக்கில் சேறு தங்கினால் அழுகிவிடும், தினம் குத்தி எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அந்த வேலை மட்டும் அவருக்குச் சரியாக வந்தது. எதுவானாலும் அடியில் அழுக்கு இருந்தால் விடமாட்டார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பேப்பரைக்கூட விரிக்காமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.

வியாழக்கிழமை காலையில் கறுப்பை எடுத்துக்கொண்டு பழைய குற்றாலம் சாலையில் போனேன். சீசன் நேரம். சுற்றுலா வேன்கள் வருவதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். கறுப்பு நல்ல பையன், பறக்கிற பிளாஸ்டிக் கவரைக் கண்டால்தான் அவனுக்கு உயிர் போய்விடும். பாதுகாப்புக்கு வருகிறேன் என்று என் கணவர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார், இரண்டு பக்க இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டு. மந்திரி போகிற மாதிரி இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பாதி வழியில் பக்கத்தில் வந்து, "ஏட்டி, நில்லு. பின்சக்கரத்துல ஒரு சத்தம் வருது" என்றார்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. வலதுபக்கம், நாலு தட்டுக்கு ஒரு தட்டு மந்தமாக விழுகிறது என்று விடாமல் சொன்னார். அவர் மனம் கோணாமல் இருக்கட்டும் என்று இறங்கி, வலது பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். லாடம் ஆடிக்கொண்டிருந்தது. ஆணிகளில் பாதியைக் காணோம். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் குளம்பு பெயர்ந்திருக்கும்.

நான் காலைப் பிடித்துக்கொள்ள, அவர் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து குறடு எடுத்து மிச்ச ஆணிகளைப் பிடுங்கி லாடத்தைக் கழற்றினார். அந்தக் காலோடு தார் ரோட்டில் ஏறிப் போக முடியாது. ஓர மண்ணில் மெதுவாக நடத்தித்தான் கூட்டிப்போக வேண்டும். கடையிலிருந்து போன் வந்தது, டைல்ஸ் லோடு வந்து லாரி நிற்கிறது என்று.

"நீ வண்டிய எடுத்துட்டுப் போ. நான் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

"ஒங்களுக்குப் பயமா இல்லையா?"

அவர் கறுப்பை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். "அவனுக்கு இருக்கும்" என்றார்.

தோளை ஒட்டி நடக்க வேண்டும், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, கவர் பறந்தால் அவன் முகத்தைத் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். உத்தரவு வாங்குகிறவரைப் போல ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்.

கடையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டிகளை இறக்கச் சொல்லிவிட்டு அவருக்குப் போன் அடித்தேன். மணி என் பக்கத்திலேயே கேட்டது. வாசலில் நின்ற ஸ்கூட்டர் டிக்கிக்குள் அவருடைய போன். லோடு இறங்கி முடியும்வரை எப்படியோ நின்றுவிட்டுத் தோப்புக்குப் போனேன். அவர்கள் வந்திருக்கவில்லை. சாரல் பிடித்திருந்தது. சாலையில் மேலும் போனேன்.

ஒரு மாமரத்தடியில் கூட்டமாக இருந்தது. பயந்துகொண்டே கிட்டே போனால், ஒரு வேன் நிறைய மதுரைக்காரர்கள் குதிரையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பின் முதுகில் என் கணவரின் மழைக்கோட்டு. அவர் தெப்பமாக நனைந்து நின்று, குதிரையின் பின்பக்கமாக ஏன் போகக்கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். சார் மிலிட்டரியா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்த்ததும் கயிற்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

நான் சற்றுத் தள்ளி ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே போனேன். சாலை காலியானதும் அவர் பேசுகிற குரல் கேட்டது. என்னிடம் பேசுகிறார் என்று நினைத்தேன். கறுப்பிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"காலைல முழிப்பு அதே நேரத்துக்கு வந்துருது, பாத்துக்கோ. எந்திச்சு நின்னா எங்க போறதுன்னு தெரியல. அங்கன இப்பம் என் எடத்துல வேற ஒருத்தன் வந்திருப்பான். ஒர்க்ஷாப்பு ஓடத்தான் செய்யும். இவகிட்ட சொன்னா வெசனப்படுவா."

கறுப்பு ஒரு காதை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நடந்தான். நான் ஸ்கூட்டரை நிறுத்தி, அவர்கள் இன்னும் கொஞ்சம் முன்னே போகட்டும் என்று நின்றேன். அந்த வாரம் முழுக்க அவரைக் கேலி செய்து சிரித்தது எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அதற்காக இனிமேல் சிரிக்காமல் இருக்கவும் எனக்கு மனசில்லை. சிரித்தால்தான் இவர் பக்கத்தில் வருகிறார்.

வீட்டில் அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை அவர் எழுந்து உட்கார்ந்தபோது, "கறுப்புக்குத் தண்ணி காட்டணும், போறியளா?" என்றேன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் பூட்ஸ் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை லாடக்காரர் வந்தார். சுரண்டைப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். காலைப் பிடிக்க என் கணவர் தானாகவே முன்வந்தார். குதிரைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காலைத் தூக்கிப் பிடிக்கிறவர் மேல் மெல்லச் சாய்ந்து தன் பாரத்தையெல்லாம் இறக்கிவிடும். கறுப்பு அதை மனப்பூர்வமாகச் செய்தான். ஆணி அடித்து முடிக்கும்வரை என் கணவர் முகம் சிவக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, மேஜையைத் தாங்குகிற கால் மாதிரி நின்றார். கொஞ்சம் நிறுத்திக்கொள்ளவா என்று லாடக்காரர் கேட்டார். வேண்டாம் என்று மூக்கால் சொன்னார். ராத்திரி முதுகில் தைலம் தேய்த்துவிட்டவள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவரே ஏறிப் பார்க்கிறேன் என்றார். செவலைக்குச் சேணம் போட்டு, ஒரு கல்லின் மேல் அவரை ஏற்றி, அங்கிருந்து குதிரைமேல் ஏற்றினேன். உட்கார்ந்ததும் கடிவாளத்தை ஸ்டியரிங் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்தார். "கீழ பாக்காதிய, நேரா பாருங்க" என்றேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுக் கூட்டிப்போனேன். இரண்டாவது சுற்றில் கயிற்றை விட்டுவிட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததும், ஏட்டி என்று ஒரு சத்தம். அதற்குள் செவலை நல்ல புல் முளைத்திருந்த ஒரு மூலைக்குப் போய்த் தலையைக் குனிந்துவிட்டாள். இனி அவளை யாராலும் அசைக்க முடியாது. எப்படி இறங்குவது என்று நான் சொல்லிக்கொடுக்கவுமில்லை, அவர் கேட்கவுமில்லை.

மேலேயே உட்கார்ந்து சென்னையில் இருக்கிற மகளுக்கு வீடியோ கால் போட்டார். ஏன்ப்பா படம் இப்படி ஆடுது, மரத்துலயா இருக்க என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. நான் சாணக் கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன்.