டொறத்தி அக்கா வெட்டிய குழி

புதிதாக ஒரு சாப்பாடு வாய்க்குப் பிடித்துவிட்டால் டொறத்தி அக்கா எழுந்துவிடுவார். சமைத்தவரைப் பார்க்காமல் இரண்டாவது வாய் வைக்கமாட்டார். நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரத்தில், ஹோம்புஷ் பகுதிச் சாப்பாட்டுக் கடை ஒன்றில், வேலை செய்பவர்கள் மட்டும் போகவேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டு குசினிக்குள் நுழைந்து, மாவு ஒட்டியிருந்த சமையல்காரரின் கையை அப்படியே பிடித்துக் குலுக்கியவர் இவர். "ருசி தந்த ஆளின்ரை முகம் தெரியாமல் சாப்பிடுறது களவெடுத்துத் தின்னுற மாதிரி, வரதன்" என்று என்னிடம் சொல்வார்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அறுபதைத் தாண்டிய தனி ஆள். முதியோர் இல்லம் ஒன்றில் சலவைப் பகுதியில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வந்து, மாலையில் எனக்கு வேலிக்கு மேலால் கதை சொல்வார். பெரும்பாலும் சாப்பாட்டுக் கதை.

சொந்த ஊர் மன்னார்ப் பக்கம் பேசாலை. தொண்ணூறாம் ஆண்டு, சண்டை நாட்களில், அவருடைய தம்பி யோசேப் சைக்கிளில் மன்னாருக்குப் போனார், திரும்பவில்லை. மாதம் தவறாமல் அக்கா அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார், சுகமாக இருக்கவேண்டும் என்று. ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று மாற்றுவோமா எனப் பாதர் ஒருமுறை மெல்லக் கேட்டுப் பார்த்தார். "செத்ததை நீங்கள் கண்டனீங்களோ, பாதர்?" என்று அக்கா திருப்பிக் கேட்டார். பாதர் பழையபடியே எழுதிக்கொண்டார்.

போன வருடம் பாதரின் கோயிலில் பெரு நாட்டுக்கு யாத்திரை ஏற்பாடு செய்தார்கள். லீமாவில் புனிதர்களின் கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்கள் வெளிநாடு போவதென்றால் அங்கே ஒரு மச்சாளாவது பெறாமகளாவது இருக்கவேண்டும். ஒருவருமே இல்லாத நாட்டுக்கு என்னத்துக்கு என்று கேட்டவர்களுக்கு, "சாப்பாடு இருக்குத்தானே" என்று பதில் சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

கூடப் போனவர்கள் சூட்கேசில் கொண்டுபோன நூடில்ஸை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டிருக்க, அக்கா தெருத்தெருவாகச் சாப்பிட்டுத் திரிந்திருக்கிறார். கம்பியில் கோத்துச் சுட்ட மாட்டு இதயம். நாவற்பழ நிறத்தில் சோளத்து இனிப்பு நீர். எல்லாவற்றையும் விட அவரை அசத்தியது எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை மீன். "நெருப்பே காட்டேல்லை, வரதன்! தேசிக்காய்ப் புளியிலையே மீன் வெள்ளையா வெந்து போச்சு. மேலை வெங்காயம், மிளகாய். கடற்கரையிலை பிறந்து வளர்ந்தனான், எனக்கு உது தெரியாமல் போச்சே!" சொல்லும்போது கண்கள் விரிந்துவிடும். கேட்கும் எனக்கும் வாயூறும்.

பிறகு மலை நாட்டுக்கு ஏறியிருக்கிறார்கள். ஒரு கிராமத்தில் பஸ் நின்றது. இறங்கிய இடத்தில் புதுமண் குவியல், உச்சியில் பூச்சுற்றிய சிலுவை, சுற்றிலும் சனம். யாரோ மரித்துவிட்டார்கள் என்றே அக்கா நினைத்தார். தலையில் துணியைப் போட்டு, முழந்தாளிட்டு, மரித்தோருக்கான செபத்தைத் தொடக்கம் முதல் கடைசிவரை சொன்னார். பின்னால் நின்ற யாத்திரிகர்களும் முழந்தாளிட்டார்கள். ஆமென் சொல்லி முடிக்கவும், ஒருவன் சிலுவையைப் பிடுங்கி வைத்துவிட்டு மண்வெட்டியால் குவியலைக் கிளறத் தொடங்க, அக்கா அலறியே விட்டார்.

மண்ணுக்குள்ளிருந்து ஆவி பறக்க வந்தவை உருளைக்கிழங்கு, வத்தாளங்கிழங்கு, சோளப்பொத்தி, ஆட்டிறைச்சி. கற்களைச் சுடவைத்து, உணவோடு அடுக்கி, இலைதழையால் மூடி, மண் போட்டு அவிக்கும் விருந்து அது. பாச்சமன்கா என்பார்களாம். சிலுவை, அந்த விருந்துக்கு ஆசீர்வாதம். முதல் வாய் தின்றதும் அக்கா வழக்கம்போலச் சமைத்தவரைத் தேடி எழுந்தார். அங்கிருந்த பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே குனிந்து நிலத்தைத் தொட்டுக் காட்டினாளாம்.

இதைச் சொல்லி அக்கா வயிறு குலுங்கச் சிரிப்பார். ஒருநாள் மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அந்தச் செபத்தை ஆர் ஆருக்கெல்லாமோ சொன்னனான். அண்டைக்குச் சொல்லேக்கை யோசேப்பின்ரை முகம்தான் வந்தது. நிப்பாட்ட ஏலாமல் போச்சு, வரதன்." வேலியை இறுகப் பிடித்துக்கொண்டார். "சரி, வாய் சொல்லிப்போட்டுது. ஆள் இல்லாமல் எதைப் புதைச்சு, எங்கை சிலுவை நடுறது?"

இங்கே குளிர்காலமான இந்த யூலையில் ஒரு சனிக்கிழமை, தன் பின்வளவில் குழி வெட்டப்போவதாக அறிவித்தார். வெட்டியதில் பெரும்பங்கு என் முதுகினுடையது. ஃபெயர்ஃபீல்டில் தென்னமெரிக்கர் கடையில் தேடிப்பிடித்த ஏதோ ஒரு கீரையை அரைத்து இறைச்சியில் பூசினார். கற்களை விறகில் சிவக்கச் சுட்டு, அடுக்கி, மண் போட்டு மூடியதும், "சிலுவை வைக்கேல்லையோ அக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். இது சமையல்" என்றார். குரலில் ஒரு வெட்டு இருந்தது.

என் மனைவி நிரூபா எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு பானை சோறு வைத்துவிட்டு வந்தாள். அக்கா கதிரையில் இருக்கவே இல்லை. அடிக்கடி குனிந்து மண்ணில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். கடைசியில், "இனித் திற" என்றார்.

மண்ணை விலக்கியதும் எழுந்த வாசனையை எப்படி எழுதுவேன்? முதல் மழையும் இறைச்சிப் புகையும் கீரை மணமும் ஒன்றாகச் சேர்ந்து முகத்தில் அடித்தன. கிழங்குகள் தோல் வெடித்துச் சிரித்தன. எலும்பைத் தொட்டதும் இறைச்சி தானாகக் கழன்றது. கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால்கூட நான் இப்படி வாய் பிளந்து நின்றதில்லை. "அம்மாடி, நிலம் இப்பிடியும் சமைக்குமோ!" என்றாள் நிரூபா. அவளுடைய சோற்றை ஒருவரும் நினைக்கவே இல்லை.

தின்று ஓய்ந்தபோதுதான் கவனித்தேன், அக்காவின் தட்டு அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு குழியடிக்குப் போய் முழந்தாளிட்டார். கிழங்கையும் இறைச்சியையும் ஒவ்வொன்றாக, கற்களுக்கு நடுவே கையால் இறக்கி வைத்தார். மண்வெட்டியை எடுத்தார். வாங்கப் போனேன், தரவில்லை. தானே மண்ணைத் தள்ளி மூடினார். மிஞ்சிய விறகில் இரண்டு சுள்ளிகளைப் பொறுக்கினார். கட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. கொண்டையிலிருந்த ரப்பர் வளையத்தை உருவினார். நரைத்த முடி முகத்தில் வந்து விழ, சுள்ளிகளைக் குறுக்காக வைத்துச் சுற்றிக் கட்டி, மண்ணில் ஊன்றி, அது அசையாமல் நிற்கும்வரை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டே இருந்தார்.