பூக்கட்டிப் பார்த்த தன்னாட்சி

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ஹவில்தார் வந்தார். பெயர் சங்கரபாண்டியன். மம்சாபுரத்துக்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தவர். கொடுத்த காபியைத் தொடவில்லை.

“அண்ணாச்சி... தன்னாட்சின்னா என்ன?”

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இப்படியெல்லாம் தொல்லை உண்டு.

விஷயம் இதுதான். அவர் மகள் மல்லிகா பிளஸ் டூவில் நல்ல மார்க். மதுரையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். ராஜபாளையத்திலும் ஒரு கல்லூரியில் இடம் — தாவரவியல். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. மல்லிகாவுக்கு மதுரைதான் வேண்டும். திங்கட்கிழமைக்குள் எதிலாவது சேர்ந்தாக வேண்டும்.

“அவியளே கேள்வித்தாள் போட்டு, அவியளே திருத்துவாகளாம்ல. மேல கேக்க ஆளில்லையா? பட்டாளத்துல ஜெனரலுக்கே மேல ஆள் உண்டு.”

பாடமும் பரீட்சையும் கல்லூரி பொறுப்பு, பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் கொடுக்கும் என்று விளக்கினேன்.

“அப்ப முழுத் தன்னாட்சி இல்லையே?” என்றார்.

அட, ஆமாம்! எனக்கே குழப்பம் வந்துவிட்டது. அகராதியை எடுத்துப் புரட்டினேன். மாநிலம் கேட்டால் அது சுயாட்சி — மேடை போட்டுக் கை தட்டுகிறோம். கல்லூரிக்குக் கிடைத்தால் தன்னாட்சி — வாசலில் போர்டு வைக்கிறார்கள். கட்சி டிக்கெட் கிடைக்காதவர் சுயேச்சை — அவருக்கும் ஒரு சின்னம் உண்டு. ஒரு பெண் பிள்ளை தனக்கு இதுதான் வேண்டும் என்றால் மட்டும், ‘தன்னிச்சையாத் திரியுது’ என்கிறோம். ஏன்? எல்லாம் ஒரே குடும்பத்து வார்த்தைகள்தானே?

“பிள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?”

“உன் இஷ்டம்னுட்டேன். எதுக்கும் நாளைக்குப் பூக்கட்டிப் பாத்துருவோம். நீங்களும் வாங்க.”

சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது. கிணறு வெட்டுவதிலிருந்து மாப்பிள்ளை பார்ப்பது வரை எங்கள் பக்கத்தில் பாதி முடிவுகள் இப்படித்தான். வெள்ளை வந்தால் மதுரை. சிவப்பு வந்தால் ராஜபாளையம்.

சனிக்கிழமை காலை, அம்மன் கோயில். பூசாரி பொட்டலங்களை வைத்தார். ஹவில்தார் தாராளமாகச் சொன்னார்: “நீயே எடு தாயி. யாரும் கட்டாயப்படுத்தல. உன் கை, உன் இஷ்டம்.”

மல்லிகா குனிந்தாள். கை பொட்டலங்களுக்கு மேலே போய் நின்றது. பார்க்கவே பாவமாக இருந்தது. அவள் எடுக்கவில்லை.

“எது வெள்ளைன்னு தெரியாம எடுத்தா, அது எப்படிப்பா என் இஷ்டமாகும்?”

அவள் இரண்டு பொட்டலத்தையும் பிரித்தாள். ஒன்றில் செவ்வரளி, மற்றதில் நந்தியாவட்டை. செத்த நேரம் பார்த்துவிட்டு, வெள்ளையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

“பாத்துட்டு எடுக்கக் கூடாதும்மா,” என்றார் பூசாரி.

“பாக்காம எடுத்தா, பொறவு கஷ்டம் வந்தா சாமியைத்தான சொல்லுவேன்? இப்ப என்னையவே சொல்லிக்கிடுதேன்.”

ஹவில்தார் அம்மனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, இது சாமி உத்தரவா... இவ உத்தரவா?”

எனக்கு எப்படித் தெரியும்? சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது — என் வீட்டிலும் பத்தாவது படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாளே. ‘சாமி தடுக்கலையே’ என்று சொல்லிவைத்தேன். மனுஷர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை மதுரைக்குப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தார்.

நேற்று மறுபடி வந்தார். முகத்தில் அதே குழப்பம்.

“ஹாஸ்டலுக்கு என் பட்டாளத்து டிரங்குப் பெட்டியைக் குடுத்து விடவா, புதுசா சூட்கேஸ் வாங்கவா?”

“மல்லிகாவைக் கேளுங்க.”

“கேட்டேன் அண்ணாச்சி. ‘உங்க இஷ்டம்ப்பா’ன்னுட்டா. அதான்... பூக்கட்டிப் பாத்துரலாமான்னு யோசிக்கேன்.”