ஜெசிந்தா டாக்டரின் பயம்

பரமக்குடியில் பஸ் மாறும்போது போன் வந்தது. "சிஸ்டர், ஜெசிந்தா டாக்டர் தவறிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம்." எங்கள் கிளினிக்கின் மருந்துக்கடை செல்வம்தான் பேசினார். அதன் பிறகு எந்த பஸ்ஸில் ஏறினேன் என்பதே நினைவில்லை.

ராமநாதபுரத்தில் அவரிடம் தோல் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், அவர் எவ்வளவு பயப்படுகிறவர் என்று. ஊசி போடுமுன் நோயாளியைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்க்கும். பயந்தாங்கொள்ளி என்று நர்ஸுகள் நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். "வலிக்காதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராத பானு. வலிச்சிட்டா அப்புறம் நம்மள நம்ப மாட்டாக" என்பார்.

மருந்து தடவி, சிவப்பு விளக்கொளியில் கெட்ட தோலைக் கருக்கும் சிகிச்சை எங்களிடம் வந்த புதிது. தொண்டியிலிருந்து காதர் பாய் வந்தார். கடல் வெயிலில் கிடந்த முகம். கன்னத்தில் ஒரு புண், புற்றுநோயாக மாறக்கூடியது, கண்ணை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. வேறோர் ஊரில் இதே விளக்கின் எரிச்சல் தாங்காமல் பாதியில் எழுந்து ஓடியவர். மரத்துப் போகும் களிம்பு தடவுவோம் என்று டாக்டர் சொன்னதால்தான் இங்கே வந்தார். இன்னொரு முறை ஓடினால் திரும்ப வரமாட்டார்.

முதலில் போட்ட மருந்து தோலில் ஊறியதும் அதைத் துடைத்துவிட்டு, மரத்துப் போகும் களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி உட்காரவைத்தோம். நான் உள்ளே திரும்பி வந்தபோது தாடியில் தண்ணீர் சொட்ட நின்றார். தாளைக் காணோம்.

"லுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்லிட்டாகல்ல தாயி. மொகங் கைகால் கழுவி ஒளு செய்யாம எப்பிடித் தொழுகுறது?"

மறுபடி தடவிக் காத்திருக்க நேரமில்லை. தோல் மரக்க ஒரு மணி நேரமாகும், இரண்டு மணிக்கு மின்வெட்டு. டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பாயைக் கடிந்துகொள்ளவில்லை. "பாங்கு நேரத்த நாமல்ல யோசிச்சிருக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "பாய், களிம்பு கழுவிப் போச்சு. வலிக்கும். தாங்க முடியலன்னா கையத் தூக்குங்க, விளக்க அணைச்சிருவேன்."

மின்விசிறியை முகத்தருகே வைத்தோம். கண்ணை மூடிக் கட்டி விளக்கைப் போட்டோம். நான் குளிர்ந்த நீரைத் தெளித்துக்கொண்டே இருந்தேன். சிறிது நேரத்தில் கை உயர்ந்தது. டாக்டர் அந்தக் கணமே அணைத்தார். போய்விடுவார், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பாய் மூச்சு வாங்கினார். "நெசமாவே அணைச்சிட்டீகளே" என்றார். பிறகு, "ம், போடுங்க தாயி."

பல முறை அணைத்தோம், போட்டோம். கரண்ட் போகுமுன் முடிந்தது. கண் பிழைத்தது.

அத்தனை நேரமும் டாக்டர் பாயின் ஒரு கையைப் பிடித்திருந்தார். வெளியே வந்ததும் பாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்குக்கூட அம்புட்டு பயம் இல்ல. டாக்டரம்மா கைதான் வெடவெடன்னு நடுங்குச்சு."

இப்போது விளக்கின் சுவிட்சில் விரல் வைக்கும்போதெல்லாம் எனக்கும் நடுங்குகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, பிறர் வலிக்குப் பயப்படும் அந்தப் பயம்தான். அது என்னைவிட்டுப் போய்விடக் கூடாது.