நான் கேட்காத ஒன்பதாவது பகுதி

என் கணவருக்குப் பார்வை முழுதாகப் போனபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. ஆலங்குடியிலிருந்து தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு புனே வரைக்கும் லாரி ஓட்டியவர். சர்க்கரை கண்ணின் பின்பக்கத்தைத் தின்றுவிட்டது என்று மதுரையில் சொன்னார்கள். லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். கடைசியில் மிஞ்சியது வெளிச்சம் மட்டும்தான். வாசல் எந்தப் பக்கம் என்று தெரியும். வாசலில் நிற்பது யார் என்று தெரியாது.

நான் புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். காலை எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால் வீடு திரும்ப இரவு எட்டு மணியாகும். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அதனால் அத்தனை நேரமும் அவர் தனியாகத்தான் இருப்பார். காலையில் எந்த இடத்தில் விட்டுப் போனேனோ அதே இடத்தில், சுவர்ப்பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருப்பார். மூடிவைத்த சாப்பாடு மூடியபடியே இருக்கும்.

ஒருநாள் சொன்னார், "பொழுது போகவே மாட்டேங்குது. நான் எதுக்கு இருக்கேன்னு தெரியல."

கோபத்தில் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலச் சொன்னார். அன்றிலிருந்து கடையில் போன் அடித்தாலே கையில் இருக்கும் சேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

பஸ்ஸில் என்னோடு தினமும் ஒரு டீச்சர் வருவார். காதில் எதையோ மாட்டிக்கொண்டு தனக்குத்தானே சிரிப்பார். ஒருநாள் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தார். இரண்டு பெண்கள் சமையலில் தாங்கள் பண்ணிய சொதப்பல்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். திருவரங்குளம் தாண்டுவதற்குள் நானும் சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

"இது என்ன டீச்சர்?"

"பாட்காஸ்ட்டுக்கா. ரேடியோ மாதிரிதான். நமக்கு வேணுங்கிறத, வேணுங்கிற நேரத்துல கேக்கலாம். எதைப் பத்தி வேணும்னாலும் இருக்கு."

எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கிறது என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். இவருக்கென்று ஒன்று இல்லாமலா போகும்? அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே தேட ஆரம்பித்தேன். பஸ்ஸில் தேடினேன், சேலை மடிக்கும்போது தேடினேன். சூப்பர்வைசர் இரண்டு தடவை திட்டினார். கிடைத்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய் அவருக்குப் போட்டுக் காட்டினேன்.

ராஜாக்கள் கதை போட்டேன். "செத்தவன் கதை எனக்கு எதுக்கு" என்றார். பேய்க்கதை போட்டேன்; பாதியில் தூங்கிவிட்டார். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று ஒருவர் முழங்குவதைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எந்திரிச்சு ஓடு, எந்திரிச்சு ஓடுங்கிறான். எங்கிட்டு ஓடுறது?" என்று போனைத் தள்ளிவிட்டார். நெடுஞ்சாலை ஓட்டுநர்களோடு பேசும் ஒன்று கிடைத்தபோது புதையல் கிடைத்ததுபோல ஓடிவந்தேன். அதில் ஒருவர் மழையில் மலைப்பாதை இறங்கியதைச் சொல்லச் சொல்ல, இவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவும் இல்லை. நிறுத்திவிட்டேன். அதன்பிறகு இரண்டு வாரம் எதையும் போட விடவில்லை.

அப்புறம்தான் அந்தக் குரல் கிடைத்தது. சர்க்கரைக்காரர்களுக்காகவே பேசுகிற ஒருவர். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலி ஓரம் நின்று பேசுவதுபோலப் பேசுவார். முதல் பகுதியில் நடப்பது பற்றி, இரண்டாவதில் கம்பு, கேழ்வரகு, வரகு பற்றி, மூன்றாவதில் தூக்கம் பற்றி. மூன்றையும் பஸ்ஸில் கேட்டேன். குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

அதைப் போட்டேன். என் கணவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"இந்த ஆளு நல்லாப் பேசுறான்ல" என்றார். மறுநாள் மூடிவைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டிருந்தார். அதற்கும் மறுநாள், போனிடம் வாயால் சொன்னால் அதுவே தேடிப் போடும் என்பதைக் கற்றுக்கொண்டார். ஒரு வாரத்தில் கொல்லைப்பக்கம் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு முப்பது நடை நடந்தார். நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னிக்கு என்ன சொன்னான் தெரியுமா" என்று ஆரம்பிப்பார். அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து காரணமில்லாமல் அழுவேன்.

அந்தச் சந்தோஷத்தில் எல்லாருக்கும் சொன்னேன். டீச்சருக்கு, சூப்பர்வைசருக்கு, என் அண்ணனுக்கு, நாத்தனாருக்கு, கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவருக்கு. ரவிக்கைத் துணிப் பிரிவில் ஒரு தங்கச்சி இருந்தாள். வல்லத்திராக்கோட்டைக்காரி. அவள் அம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. அவள் போனை நானே வாங்கித் தேடிப் போட்டுக் கொடுத்தேன். கோட்டைப்பட்டினத்திலிருந்து மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த ஒரு அம்மா, தன் வீட்டுக்காரருக்கு ஊசி போட்டு ஊசி போட்டு வயிறெல்லாம் தழும்பு என்று சொல்லி வருத்தப்பட்டார். அவர் போனிலும் போட்டுக் கொடுத்தேன். மொத்தம் ஏழு பேர். அப்போது எண்ணவில்லை. பிறகுதான் எண்ணினேன்.

என் கணவர் இன்சுலினைத் தானே போட்டுக்கொள்வார். பேனா ஊசி. கீழே உள்ள திருகைத் திருப்பினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் டிக் என்று சத்தம் வரும். அதை எண்ணி, வயிற்றைப் பிடித்துப் போட்டுக்கொள்வார். யார் உதவியும் இல்லாமல் அவர் செய்த ஒரே வேலை அதுதான். நான் பக்கத்தில் போனால், "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்பார். அதனால் நான் போவதில்லை. காலையிலும் இரவிலும் டிக் டிக் சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். மருந்தும் மாதக் கணக்குப்படி சரியாகத் தீர்ந்துகொண்டிருந்தது.

உடம்பு இளைத்தது. "லேசா இருக்கு புள்ள, பறக்குற மாரி இருக்கு" என்றார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கக் கூப்பிட்டால், "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று கையை இழுத்துக்கொண்டார். நடக்கிறார், சாப்பிடுகிறார், பேசுகிறார் என்பதிலேயே எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நான் வற்புறுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபி கொண்டுபோய் எழுப்பினேன். எழவில்லை. மூச்சு மட்டும் வேகவேகமாக, ஆழமாக வாங்கியது. வாயிலிருந்து அழுகிய பழ வாடை வந்தது. கன்னத்தில் தட்டினேன். "லோடு இறக்கியாச்சா" என்று குழறினார். 108-க்குப் போன் செய்தேன். புதுக்கோட்டை போய்ச் சேரும்வரை அவர் கையை விடவில்லை. கை சில்லிட்டிருந்தது.

டாக்டரம்மா கேட்டார், "கடைசியா எப்ப இன்சுலின் போட்டாரு?"

"நேத்து ராத்திரி போட்டாரும்மா. ஒருநாள்கூட விட்டதில்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எங் காதாலயே கேட்டேம்மா, அவரு போடுறத."

அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போட்டிருந்தா இப்படி ஆகாதும்மா. ரொம்ப நாளா உள்ள போகல" என்றார்.

அண்ணன் வந்ததும் அவரை அங்கே வைத்துவிட்டு, துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பாயைச் சுருட்டும்போது தலையணையைத் தூக்கினேன். அது கனத்தது. மூக்கருகே கொண்டுபோனேன். ஆஸ்பத்திரி வாடை, இன்சுலினுக்கே உரிய அந்தப் பினாயில் வாடை. உறையை உருவிப் பார்த்தால் ஒரு பக்கம் பஞ்சு முழுக்கக் கட்டி கட்டியாக இறுகி, மஞ்சள் பூத்துக் கிடந்தது. ஒவ்வொரு வேளையும் டிக் டிக்கென்று எண்ணித் தலையணைக்குள் குத்தியிருக்கிறார். எனக்குக் கேட்கட்டும் என்று எண்ணியிருக்கிறார்.

அந்தப் பாயிலேயே உட்கார்ந்து அவருடைய போனை எடுத்தேன். அந்த நிகழ்ச்சியில் இருபத்திரண்டு பகுதிகளைக் கேட்டு முடித்திருந்தார். நான் நாலாவதிலிருந்து வரிசையாக ஓட்டி ஓட்டிக் கேட்டேன். ஒன்பதாவதில் இருந்தது. அதே சாந்தமான குரல். ஊசி உடம்பைச் சோம்பேறியாக்குகிறது, நாற்பது நாள் ஊசியை விட்டு வெந்தயத் தண்ணீரில் இருந்தால் கணையம் விழித்துக்கொள்ளும், வீட்டில் இருப்பவர்கள் பயப்படுவார்கள், அவர்களிடம் சொல்ல வேண்டாம், குணமான பிறகு சொல்லுங்கள் என்றது. பன்னிரண்டாவதில், போன பார்வையும் திரும்பும் என்றது.

மூன்று பகுதி கேட்டுவிட்டு ஏழு பேருக்குச் சொன்னவள் நான்.

உட்கார்ந்தபடியே ஒவ்வொருவராகப் போன் செய்தேன். டீச்சர் கேட்கவே ஆரம்பிக்கவில்லை. சூப்பர்வைசர் முதல் பகுதியோடு விட்டிருந்தார். அண்ணனுக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. டீக்கடைக்காரர், "அட போங்கம்மா, எனக்கு மாத்திரை நிப்பாட்டத் தைரியமில்ல" என்றார். என் நாத்தனாரிடம் கேட்டேன். அவள் இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பியிருந்தாள். அவர்களையும் கூப்பிடச் சொன்னேன். ரவிக்கைப் பிரிவுத் தங்கச்சி மட்டும் எடுத்த எடுப்பில், "எங்கம்மா சூப்பரா இருக்காங்கக்கா, ஊசியே வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

"உடனே போடச் சொல்லும்மா. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடக்காரு."

"அவங்க ஒடம்பு வேற, எங்கம்மா ஒடம்பு வேறக்கா. நீங்கதான நல்லதுன்னு குடுத்தீங்க. இப்ப நீங்களே வேணாங்குறீங்க."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை.

என் கணவர் உள்ளே எப்படிக் கிடக்கிறார் என்று தெரியாமல் நான் வல்லத்திராக்கோட்டைக்குப் போனேன். அண்ணன் திட்டினார். போகாமல் இருக்க முடியவில்லை. சர்க்கரை பார்க்கும் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அந்த அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனில் அதே குரல் பேசிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அந்தத் தம்பி தெய்வம் மாரி பேசுது தாயி. ஒனக்குத்தான் புண்ணியம்."

அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "ஒரே ஒரு தடவ வெரலக் குடுங்கம்மா. நல்லா இருந்துச்சுன்னா நான் பேசாமப் போயிடுறேன்." மகள் வாசலில் நின்று, "என்னக்கா இது, வீட்டுக்குள்ள வந்து" என்றாள். அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விரலை நீட்டினார். மெஷினில் நானூற்று எழுபது காட்டியது. அவருடைய குதிகாலில் கொப்புளம் ஒன்று உடைந்து ஈரமாக இருந்ததை அப்போதுதான் மகள் பார்த்தாள்.

அன்றே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கால் தப்பியது, இரண்டு விரல் போயிற்று. அந்தத் தங்கச்சி அதன்பிறகு என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு அறைக்குள் நான் நுழைந்தால் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். போகட்டும்.

கோட்டைப்பட்டினத்து அம்மாவின் நம்பர் என்னிடம் இல்லை. பழைய பில் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து யார் ஜவுளி எடுக்க வந்தாலும் அடையாளம் சொல்லி விசாரிக்கிறேன். இன்றுவரை தெரியவில்லை.

என் கணவர் மூன்றாம் நாள் தெளிந்தார். நான் திட்டவேண்டும் என்று நினைத்துத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா விடமாட்ட."

"செத்துப் போயிருப்பீங்க."

போர்வை நுனியைத் திருகிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "சரியாயிரும்னு அவன் ஒருத்தன்தான் சொன்னான். டாக்டரும் சொல்லல. நீயும் சொல்லல." பிறகு, "ரெண்டு நாளு என் கைவெரலு நெழலு மாரித் தெரிஞ்சுச்சு. நெசமாத்தான் புள்ள."

சரியாகாது என்று தெரிந்ததால் நான் சொன்னதில்லை. பொய்யாகவாவது சொல்லியிருக்கலாமோ என்று அந்த ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். விடை தெரியவில்லை.

சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது என்கிறார்கள். மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். ஊசியை நானே போடுகிறேன். காலை ஏழரைக்கு அவர் சட்டையைத் தூக்கிக் காட்டுவார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த நிகழ்ச்சியைப் பற்றி அதை ஒலிபரப்பும் இடத்துக்குப் புகார் அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது, அவ்வளவுதான். கீழே கருத்துப் போடும் இடத்தில் நடந்ததை எழுதினேன். இப்படி எழுத மருந்துக் கம்பெனியில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒவ்வொரு வாரமும் புதிய பகுதி வருகிறது. நான் ஒன்றுவிடாமல் கேட்கிறேன். அடுத்து என்ன சொல்லப்போகிறானோ என்ற பயத்தில் கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவராகவே கேட்டார்.

"அவன் இன்னும் பேசுறானா?"

"பேசுறான்."

"இப்ப என்னத்தச் சொல்றான்?"

"முழங்கால் வலிக்கு ஏதோ எண்ணெய் சொல்றான்."

"கேக்க ஆளு இருக்கா?"

"நெறைய இருக்காங்க."

கையால் தரையைத் தடவித் தட்டு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சோத்தப் போடு" என்றார்.