ஜன்னலுக்குப் போன கூறைப்புடவை

பாகிஸ்தானோடு சண்டை நடந்த வருஷம், பேங்க் மேனேஜராக இருந்த எங்கள் பெரியப்பா இன்னொரு பொறுப்பையும் வலியப் போய் வாங்கிக்கொண்டார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் நெசவாளர் தெருவின் இருட்டடிப்புக்கு அவர்தான் அதிகாரி. விமானம் வந்தால் கீழே பொட்டு வெளிச்சம் தெரியக் கூடாதாம். சம்பளம் கிடையாது, கைப்பட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். மேனேஜரின் தம்பி மகள் என்பதைவிட விசில்காரரின் தம்பி மகள் என்பதில்தான் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பேங்க் மூடியதும் வீடு வீடாகப் போய், ஜன்னலில் ஒட்டச் சொல்லிக் கறுப்புக் காகிதம் கொடுத்தார். எல்லோரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் ஒட்டவில்லை. மறுநாள் சாயங்காலம் தாசில்தார் சோதனைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. பெரியப்பா பேங்க் கணக்கரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எதிர்வீட்டு அத்தையிடம் போய்க் காரணம் கேட்டார்.

"கல்யாணப் பொடவ தறியில ஓடிக்கினு இருக்குதுண்ணா. கறுப்ப எப்பிடி ஜன்னல்ல ஒட்டுவேன்? அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா என் தலமேல இல்ல வரும்?"

தெருவில் பாதித் தறிகளில் யாரோ ஒரு பெண்ணின் கூறைப்புடவைதான். அங்கேயே பிறந்தவருக்கு இது எப்படி மறந்தது? பேங்க் நாற்காலி அப்படி. கூட வந்த கணக்கர், "நாளைக்கு லோன் கேட்டு நம்மகிட்டதான் வரணும்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார்" என்றார்.

"அது பேங்க் வேலைபா. இது வேற" என்று பெரியப்பா அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் லீவு போட்டார். மத்தியானம் டிரங்குப் பெட்டியைத் திறந்து பெரியம்மாவின் கூறைப்புடவையை எடுத்தார். நல்ல அரக்கு நிறம், கனத்த பட்டு. நாலாக மடித்தால் விளக்கு வெளிச்சம் தாண்டாது. பெரியம்மாவைக் கேட்காமல் எப்படிக் கொண்டுபோவது என்று பெட்டிப் பக்கத்திலேயே நின்றார். அடுப்படியிலிருந்து வந்த பெரியம்மா பார்த்துவிட்டாள். அவர் விஷயத்தைச் சொன்னார்.

"குடுங்க இப்பிடி" என்று வாங்கிக்கொண்டு, தெருவைக் கடந்து போய், அத்தை வீட்டு ஜன்னலில் தன் கையாலேயே மாட்டினாள்.

அத்தை அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன் பெட்டியைத் திறந்தாள். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் அரக்கும் மாம்பழ மஞ்சளும் பச்சையும்.

தாசில்தார் வந்து, "எங்க சார் கறுப்பு?" என்று முறைத்தார்.

"இங்கயே நில்லுங்க சார். வெளிச்சம் தெரியுதான்னு மட்டும் சொல்லுங்க."

இருட்டியதும் பெரியப்பா விசிலை ஊதினார். வீடுகளுக்குள் விளக்கு எரிய, தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தெருவில் ஒரு கீற்று வெளிச்சம் இல்லை. தாசில்தார் பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னைப்போல் கொடுத்துவைத்தவள் காஞ்சிபுரத்திலேயே இல்லை என்று நினைத்தேன்.

பெரியம்மாமேல் மட்டும் கோபம். பெரியப்பாவுக்கு வரவேண்டிய பேரை நடுவில் புகுந்து தட்டிக்கொண்டு போய்விட்டாளே! மேனேஜர் வந்து மாட்டியிருந்தால் தெரு அதையும் உத்தரவாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. புடவையைப் பேசாமல் அவள் கையில் கொடுத்த பெரியப்பாவுக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அன்றைக்குத் தெரியவில்லை.